அரை சென்ட் விற்பனை வரி வந்தால் வீட்டு வரி பாதியாகுமா?

டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சுருக்கித் தருகிறேன். 2021ல் வீடு வாங்கினார்கள். இன்றைய மதிப்பு 500,000 டாலர் என்று மதிப்பீட்டு அலுவலகம் சொல்கிறது. கணவரும் இவரும் எச்-1பி விசாவில் இருக்கிறார்கள், கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். கூட இருக்கும் மாமியாருக்கு 68 வயது, பெரிய மகன் மூலமாகக் கிரீன் கார்டு பெற்றவர். சென்ற மாதம் வங்கியிலிருந்து எஸ்க்ரோ (வீட்டு வரிக்கும் காப்பீட்டுக்கும் என்று தவணையோடு சேர்த்து வங்கி வாங்கிவைக்கும் பணம்) கடிதம் வந்தது, மாதத் தவணை 310 டாலர் கூடிவிட்டது. இந்த நேரத்தில், வருகிற மே மாத வாக்கெடுப்பில் அரை சென்ட் (ஒரு டாலருக்கு அரை சென்ட், அதாவது அரை சதவீதம்) விற்பனை வரியை வீட்டு வரிக் குறைப்புக்கு ஒதுக்குவது பற்றி நகராட்சி கேட்கப்போகிறது. தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "வீட்டு வரி பாதியாகிவிடும்" என்கிறார், இன்னொருவர் "கடையில் எல்லாம் விலை ஏறிவிடும்" என்கிறார். இவர் கேட்பது: எது உண்மை? அதே ஊரில் அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பி குடும்பத்துக்கு இதனால் நன்மையா கெடுதலா? மாமியாரின் வயதை வைத்து ஏதாவது சலுகை உண்டா? "நாங்கள் குடிமக்கள் இல்லை, அதனால் எங்களுக்கு இதில் எந்த உரிமையும் கிடையாதுதானே, ஹோம்ஸ்டெட் விலக்குக்கும் அதனால்தான் விண்ணப்பிக்கவில்லை" என்று கடைசியில் ஒரு வரி. (ஹோம்ஸ்டெட் விலக்கு என்பது, குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் ஒரு பகுதிக்கு வரி போடாமல் விடும் சலுகை.)

அன்புள்ள சகோதரி,

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளையும்விட, கேட்காமலே முடிவு கட்டிவிட்ட அந்த விஷயத்தில்தான் உங்கள் பணம் அதிகமாகப் போயிருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அரை சென்ட்டைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தெருவில் சண்டை அதைப் பற்றித்தான்.

நீங்கள் அனுப்பிய வரிச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மொத்தம் 9,200 டாலர். நாம் இதை ஒரே வரி என்று நினைக்கிறோம். ஆனால் சீட்டில் நான்கு வரிகள் நான்கு வேறு வேறு அமைப்புகளின் பெயரில் இருக்கின்றன: பள்ளி மாவட்டம் 5,900, நகராட்சி 2,150, கவுண்டி 750, சமூகக் கல்லூரி 400. மே மாத வாக்கெடுப்பு தொடப்போவது இரண்டாவது வரியை மட்டும்தான். நகராட்சி தன் வரியை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தால்கூட உங்கள் சீட்டில் கால் பாகம்கூடக் குறையாது. அதனால் "பாதியாகிவிடும்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. டெக்சஸில் தனிநபர் வருமான வரி கிடையாது என்று சந்தோஷமாக வந்து குடியேறுகிறோம், பள்ளிக்கூடம் நடத்தும் செலவில் பெரும்பங்கு வீட்டின் தலையில் விழுகிறது என்பது முதல் சீட்டு வரும்போதுதான் தெரிகிறது.

கடையில் விலை ஏறுமா?

ஏறாது. இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

டெக்சஸில் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம். அதற்கு மேல் நகரம், கவுண்டி, போக்குவரத்து அமைப்பு எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 2 சதவீதம்தான் போடலாம். ஆக 8.25தான் உச்சவரம்பு, அதற்கு மேல் ஒரு பைசா போகச் சட்டம் விடாது. உங்கள் ஊரில் இப்போதே 8.25 வாங்குகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடை ரசீதிலும் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் புதிதாக அரை சென்ட் சேர்க்க இடம் எங்கே இருக்கிறது? இல்லை. டல்லாஸ், கார்லண்ட் போன்ற ஊர்களில் அந்த இரண்டில் ஒரு சென்ட் டார்ட் போக்குவரத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் ஊர் டார்ட்டில் இல்லை. நகராட்சியின் பொதுக் கணக்குக்கு ஒரு சென்ட், தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு அரை, 'டைப் பி' என்று சொல்லும் சமூக வளர்ச்சிக் கழகத்துக்கு அரை என்று உங்கள் ஊரில் பிரித்திருக்கிறார்கள். இப்போது கேட்பது, அந்த டைப் பி அரை சென்ட்டை எடுத்துவிட்டு, அதே அரை சென்ட்டை வீட்டு வரிக் குறைப்பு என்ற பெயரில் போடலாமா என்று. ஒரே வாக்குச்சீட்டில் ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டுவதற்குச் சட்டம் இடம் தருகிறது.

எனவே கடையில் நீங்கள் கொடுக்கும் வரி மே மாதத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். (அரிசி, பருப்பு, காய்கறி, பால், மருந்துக்கெல்லாம் டெக்சஸில் விற்பனை வரியே கிடையாது. சூடாக வாங்கும் சமோசாவுக்கு உண்டு, பட்டுப் புடவைக்கு உண்டு, நகைக்கு உண்டு.) உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த அரை சென்ட் இதுவரை எதற்குப் போய்க்கொண்டிருந்தது என்பதுதான். உங்கள் மகன் சனிக்கிழமை காலையில் கிரிக்கெட் ஆடும் பார்க் டைப் பி பணத்தில் கட்டியது என்று நீங்களே வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பராமரிக்க இனிமேல் பணம் எங்கிருந்து வரும்? அந்தக் கழகம் வருங்கால விற்பனை வரியை நம்பிக் கடன் பத்திரம் வெளியிட்டிருக்கிறதா, இருந்தால் அந்தக் கடனை யார் அடைப்பார்கள்? நகராட்சி இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால், பார்க் செலவு பொதுக் கணக்குக்கு வரும், பொதுக் கணக்கை நிரப்புவதில் வீட்டு வரிக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிய கதையாகிவிடும்.

சரி, உங்களுக்கு எவ்வளவு மிச்சமாகும்?

நகராட்சிக் கூட்டத்தில் கொடுத்த எண்கள் என்று இரண்டை எழுதியிருக்கிறீர்கள். ஊரின் மொத்த வரிவிதிப்பு மதிப்பு 1,000 கோடி டாலர், அரை சென்ட் விற்பனை வரியில் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் வரும். டெக்சஸ் வரிச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு கணக்கு முறை இருக்கிறது: எதிர்பார்க்கும் விற்பனை வரியை மொத்த மதிப்பால் வகுத்து, 100 டாலருக்கு எத்தனை சென்ட் என்று பார்த்து, வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் நகராட்சி போடக்கூடிய அதிகபட்ச விகிதத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும். உங்கள் ஊருக்கு 8 சென்ட் வருகிறது. நகராட்சி விகிதம் 43 சென்ட்டிலிருந்து 35 ஆகும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு 400 டாலர், மாதத்துக்கு 33 டாலர் மிச்சம். 310 டாலர் ஏறியதற்கு 33 டாலர். வேண்டாம் என்று சொல்லக்கூடிய தொகை இல்லை, ஆனால் எஸ்க்ரோ கவலையைத் தீர்க்கவும் தீர்க்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கழிப்பது உச்சவரம்பிலிருந்துதான். 2019ல் வந்த சட்டப்படி, ஓரளவு பெரிய நகரங்கள் நடைமுறைச் செலவுக்கான வீட்டு வரி வருவாயை ஆண்டுக்கு 3.5 சதவீதம் வரை வாக்காளரைக் கேட்காமல் கூட்டலாம். 1,750 டாலருக்கு இறங்கிய உங்கள் நகராட்சிப் பங்கு ஆண்டுதோறும் அந்த வேகத்தில் ஏறினால் ஆறு வருடத்தில் மறுபடி 2,150ல் வந்து நிற்கும். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் அதற்குள் இன்னும் மேலே போயிருக்கும் என்பதும் உண்மைதான், அதனால் இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் "குறைந்தது, இனி ஏறாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், விற்பனை வரி ஆடிக்கொண்டே இருக்கும். 2009ல் பொருளாதாரம் படுத்தபோது மக்கள் வாங்குவதை நிறுத்தினார்கள், 2020 வசந்தத்தில் கடைகளே மூடிக் கிடந்தன. வீட்டு வரி அப்படிச் சட்டென்று விழாது. ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கைப் பாருங்கள். டெல் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊர், அரை சென்ட்டை வீட்டு வரிக் குறைப்புக்கென்றே வைத்திருக்கும் ஊர். இணையத்தில் வரும் ஆர்டர்களின் உள்ளூர் வரி எந்த ஊருக்குச் சேரும் என்ற விதியை மாநில வரி அலுவலகம் 2020ல் மாற்றியபோது ரவுண்ட் ராக், காப்பெல் உட்படச் சில நகரங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. ஒரு விதி மாறினாலே பட்ஜெட்டில் அவ்வளவு பெரிய ஓட்டை விழும். விற்பனை வரி குறைந்த வருடத்தில் மேலே சொன்ன அதே கணக்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், கழிக்கும் தொகை சிறுக்கும், வீட்டு வரியின் உச்சவரம்பு ஏறும். உங்கள் ஊர் விற்பனை வரியில் பெரும்பங்கு ஒரே ஒரு மாலிலிருந்தோ ஒரே ஒரு கிடங்கிலிருந்தோ வருகிறதா என்று கூட்டத்தில் கேளுங்கள்.

ஆதரவாளர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. உங்கள் ஊர் மாலில் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து வாங்குகிறார்கள், அவர்கள் கொடுக்கும் வரியில் உங்கள் வீட்டு வரி குறைகிறது. வருமானம் நின்றுபோன பெரியவர்கள் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள இது உதவும் என்பார்கள், ஓரளவு உதவும்தான். ஆனால் 12 லட்சம் டாலர் வீட்டுக்காரருக்கு 960 டாலர் மிச்சமாகும்போது 250,000 டாலர் வீட்டில் இருக்கும் விதவைத் தாய்க்கு 200 டாலர்தான். விகிதத்தைக் குறைத்தால் பெரிய சொத்துக்குப் பெரிய சலுகை, அலுவலகக் கட்டிடங்களும் கிடங்குகளும் அதில் சேர்த்தி. இதே நகராட்சி, இதே பணத்தை வைத்து, குடியிருக்கும் வீடுகளுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கைக் கூட்டலாம், 20 சதவீதம் வரை தர மாநிலம் அனுமதிக்கிறது. எனக்கு ஓட்டு இருந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

தம்பி குடும்பத்துக்கு

மொத்த விற்பனை வரி மாறாததால் அவருக்குப் புதிதாகச் செலவு இல்லை. சலுகை போவது அபார்ட்மென்ட் உரிமையாளருக்கு. அதை அவர் வாடகையில் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை, அக்கம்பக்கத்தில் காலியாக நிறைய வீடு கிடந்தால் ஒருவேளை காட்டுவார். பார்க், விளையாட்டுத் திடல் போன்றவை சுருங்கினால் அதன் பாதிப்பு தம்பிக்கு உண்டு. என் கணக்கில் அவருக்கு இது நஷ்டத்தின் பக்கம்தான் சாய்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத விஷயம்

ஹோம்ஸ்டெட் விலக்குக்கு டெக்சஸில் குடியுரிமை தேவையில்லை. கிரீன் கார்டும் தேவையில்லை. வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதுவே நீங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும், உங்கள் டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் அந்த வீட்டு முகவரியே இருக்க வேண்டும். விசா காலம் வரைக்கும்தான் செல்லும் உரிமமாக இருந்தாலும் பரவாயில்லை. படிவத்தின் எண் 50-114. கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கட்டணம் கிடையாது. "நாங்கள் போட்டுத் தருகிறோம், 75 டாலர்" என்று தபாலில் வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள்.

பள்ளி வரிக்கான விலக்கு 2022ல் 40,000 டாலர், 2023ல் 100,000 ஆனது, 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டபின் 2025 வரியாண்டிலிருந்தே 140,000. உங்கள் பள்ளி மாவட்ட விகிதத்தில் 140,000 டாலருக்கு வரி 1,652 டாலர். நகராட்சியின் அரை சென்ட் உங்களுக்குத் தரப்போவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல், வருடா வருடம். நகராட்சியும் கவுண்டியும் தங்கள் பங்குக்கு விலக்கு தந்தால் அது தனி.

2021லிருந்து விட்டுப்போனது அத்தனையும் போச்சு என்று நினைக்க வேண்டாம். வரி பாக்கியாகும் தேதியிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பின்தேதியிட்டு விண்ணப்பிக்கலாம். 2025 வரிக்கும் 2024 வரிக்கும் இன்னும் வாய்ப்பு இருக்கிறது, 2024க்கு 2027 பிப்ரவரி தொடக்கம்தான் கடைசி. அதே படிவத்தில் எந்தெந்த ஆண்டுக்கு என்று குறிக்க இடம் இருக்கும். ஏற்கனவே கட்டிய வரியில் அந்தப் பங்கு உங்களுக்குத் திரும்ப வரும். 2022, 2023 கைவிட்டுப் போய்விட்டது, அதை நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். இதே தவறை இதே காரணத்துக்காகச் செய்த நம்மவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

விலக்கு பதிவானபிறகு இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கும். சந்தை விலை எவ்வளவு துள்ளினாலும், வரி போடும் மதிப்பை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. மதிப்பே அதிகம் என்று தோன்றினால் மே 15க்குள், அல்லது அறிவிப்பு வந்து 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வரிச் சீட்டு திருத்தமானதும் வங்கியைக் கூப்பிட்டு எஸ்க்ரோவை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள், அவர்களாகச் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

மாமியாரின் வயது

65 வயதானவர்களுக்குப் பள்ளி வரியில் இன்னும் 60,000 டாலர் விலக்கும், பள்ளி வரித் தொகை ஏறாதபடி உறையவைக்கும் சலுகையும் உண்டு. ஆனால் வீட்டில் அவருக்கு உரிமைப் பங்கு இருக்க வேண்டும், கூட வசித்தால் மட்டும் போதாது. "அப்படியானால் பத்திரத்தில் அத்தை பெயரைச் சேர்த்துவிடலாமே" என்று உடனே தோன்றும். சேர்ப்பதற்குமுன் யோசியுங்கள். பங்கின் மதிப்பு ஆண்டு வரம்பான 19,000 டாலரைத் தாண்டினால் அன்பளிப்பு வரிப் படிவம் போட வேண்டும், கடன் கொடுத்த வங்கி என்ன சொல்லும் என்று பார்க்க வேண்டும், உயில் இல்லாவிட்டால், நாளைக்கு அவர் காலத்துக்குப்பின் அந்தப் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். பெரிய மச்சினரோடு இப்போது நல்ல உறவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியே இருக்கட்டும். ஒரு சொத்து வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசாமல் பத்திரத்தைத் தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஓட்டு இல்லை, பேச உரிமை உண்டு

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். நீங்களும் கணவரும் மாமியாரும் இந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போடக்கூடாது, வாக்காளராகப் பதிவும் செய்யக்கூடாது. உரிமம் புதுப்பிக்கப் போகும்போது கவுண்டரில் நீட்டும் தாளில் "குடிமகன்" என்ற கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்துவிட்டு, பல வருடம் கழித்து கிரீன் கார்டு நேர்காணலில் மாட்டிக்கொண்டால் அதிலிருந்து மீள்வது மிகக் கடினம். ஆதரவுக் குழுவுக்கோ எதிர்ப்புக் குழுவுக்கோ பணமும் தர வேண்டாம்.

பேசுவதற்குத் தடை இல்லை. பட்ஜெட் பற்றிய பொது விசாரணையில் ஊரில் குடியிருக்கும் யாரும் மூன்று நிமிடமோ ஐந்து நிமிடமோ, நகராட்சி விதி எவ்வளவு தருகிறதோ அவ்வளவு, பேசலாம். போவதற்குமுன் இரண்டு தாள்களைப் பாருங்கள். ஒன்று, முன்மொழியும் பட்ஜெட்டின் அட்டை. சென்ற ஆண்டைவிட வீட்டு வரி வருவாய் கூடுகிறது என்றால் எத்தனை டாலர், எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில், 18 புள்ளிக்குக் குறையாமல், அட்டையிலேயே போட வேண்டும் என்பது சட்டம். "வரியைக் குறைத்துவிட்டோம்" என்ற நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டையைப் படியுங்கள். இன்னொன்று, 50-856 என்ற வரி விகிதக் கணக்குத் தாள். நகராட்சி இணையதளத்தில் ஆகஸ்ட் வாக்கில் ஏற்றுவார்கள். வீட்டு வரிக் குறைப்புக்கான கூடுதல் விற்பனை வரி என்று அதில் தனிப் பகுதி உண்டு, அங்கே எத்தனை சென்ட் கழித்திருக்கிறார்கள் என்று இருக்கும். ஜார்ஜியாவில் இந்தக் கழிவை வீட்டு வரிச் சீட்டிலேயே காட்டிவிடுகிறார்கள், இங்கே நாம்தான் தேடிப் போக வேண்டும்.

மே மாதம் வாக்கெடுப்பு தேறினால் புதிய வரி அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வரும், நகராட்சியின் நிதியாண்டு தொடங்குவதும் அன்றுதான். அதனால் குறைவு உங்கள் கண்ணில் படுவது அக்டோபர் கடைசியில் வரும் சீட்டில்தான். வருமான வரியில் இதனால் ஏதும் மாறுமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: உங்கள் வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வரி, விற்பனை வரி எல்லாம் கூட்டினாலும் தம்பதியருக்கான நிலைக்கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) தொடவில்லை, அதனால் மாறாது.

50-114ஐ இந்த வாரமே போடுங்கள், இந்த ஆண்டு வரிக்கு ஏப்ரல் 30க்குள் போவது நல்லது. உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரி இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் அதனால்தான். மதிப்பீட்டு அலுவலகம் ஏதாவது கேட்டுக் கடிதம் அனுப்பினால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.